கால் முன்னேயா, தலை முன்னேயா

பொலிஸ்காரருக்கு மருத்துவம் பார்த்தவன் நான் என்று சொன்னால், பொலிஸ் ஆஸ்பத்திரியில் வேலை செய்தேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒரு சுகமான வேலை எனக்குக் கிடைத்திருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை. அவர்கள் சுற்றிவளைப்புக்குப் போகும்போது மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினவன் நான். ஏன் ஓடினேன், யாருக்காக ஓடினேன் என்பது அப்போதும் முழுதாக விளங்கவில்லை. வயது போனால் விளங்கும் என்று இருந்தேன். வயதுதான் போனது.

வெள்ளைக்காரக் கடற்படை திருக்கோணமலைத் தளத்தைக் காலி செய்து போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரி. டொக்டருக்குக் கீழே, தாதி மிஸ்ஸிமாருக்கு மேலே என்று அந்தப் பதவியைச் சொல்வார்கள். உண்மையில் இரண்டு பக்கத்தாலும் ஏச்சு வாங்குகிற இடம் அது. எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். அதனால் பெரிய டொக்டருக்கு என்னை எங்கேயாவது அனுப்பிவிட ஒரு சாட்டு வேண்டியிருந்தது.

சாட்டு, இன்ஸ்பெக்டர் வடிவத்தில் வந்தது. அவர் மட்டக்களப்புப் பறங்கியர். தமிழ் எங்களைப்போலவே பேசுவார். அதற்குச் சில கிழமைகளுக்கு முன்னர், கண்டல் காட்டுக்குள் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் காய்ச்சுகிறவர்களைப் பிடிக்கப் போன இடத்தில் அவருடைய கொன்ஸ்டபிள் ஒருவனுக்குத் தொடையில் கத்தி வெட்டு. பெரிய வெட்டுக்கூட இல்லை. எங்கே அமுக்க வேண்டும் என்று கூட இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. லேஞ்சிக் கைக்குட்டையால் கட்டி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரிப் படலைக்குள் ஜீப் நுழைந்தபோது அவன் செத்திருந்தான். அன்று வெளிநோயாளர் பிரிவில் நின்றது நான். இன்ஸ்பெக்டரின் காற்சட்டை முழுக்க இரத்தம். தனக்குக் காயமில்லை என்று எனக்கு விளங்கப்படுத்த அவர் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை.

"இனி எங்கட றெயிட்டில ஒருத்தன் இப்பிடிச் சாகக் கூடாது" என்று பெரிய டொக்டரின் அறையில் சொன்னார். "எங்களோட வாறதுக்கு ஒரு ஆளைத் தாங்கோ."

பெரிய டொக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் என்னைக் கை காட்டினார்.

"உங்களுக்குப் பயமோ?" என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

"நல்லது. பயமில்லாத ஆளெண்டா அவரையும் நான்தான் தூக்கிக்கொண்டு வரோணும்."

அந்தப் பேச்சில் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பிடித்ததுதான் பிழையாய்ப் போனது, பிறகு மறுக்க முடியவில்லை.

இப்படியொரு வேலை இந்த நாட்டில் எங்கேயாவது நடக்கிறதா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. கேட்கவும் ஆளில்லை. எல்லாவற்றையும் நாங்களே யோசித்துச் செய்தோம், பாதியைப் பிழையாகச் செய்தோம். முதலில் நான் எதைப் போட்டுக்கொண்டு போவது என்று பிரச்சினை வந்தது. காக்கி போட்டால் நான் பொலிஸ். வெள்ளைக் கோட்டுப் போட்டால் பற்றைக்குள் ஒளிந்திருக்கிற எல்லோரையும் நானே காட்டிக் கொடுத்துவிடுவேன். கடைசியில் என் சொந்தக் கட்டம் போட்ட சட்டையோடு போனேன். தம்பலகாமப் பக்கம் நடந்த ஒரு சுற்றிவளைப்பில், உதவிக்கு வந்த வேறு நிலையத்துக் கொன்ஸ்டபிள் ஒருவன் என் பிடரியில் ஒன்று போட்டு, பிடிபட்ட கசிப்புக்காரரோடு என்னையும் குந்த வைத்துவிட்டான். பையைத் திறந்து காட்டினேன். போத்தல்களைப் பார்த்ததும் அவனுடைய சந்தேகம் கூடித்தான் போனது. பக்கத்தில் குந்தியிருந்த கசிப்புக்காரர் ஒருவர், "தம்பி எந்த ஊர்ச் சரக்கு?" என்று அன்பாக விசாரித்தார். அதற்குப் பிறகு கையில் சிவப்புப் பட்டி ஒன்று கட்டிக்கொண்டேன்.

எந்த இடத்தில் நிற்பது என்பதும் அப்படித்தான். முன்னால் நின்றால் நானே காயப்படுவேன், பின்னால் நின்றால் காயப்பட்டவன் அதற்குள் முடிந்துபோவான். கூப்பிடும் தூரத்தில், தலையைத் தூக்காமல் கிடப்பது என்று முடிவானது. அதனால் நான் போன எந்தச் சுற்றிவளைப்பிலும் நடந்ததைக் கண்ணால் கண்டதில்லை. சத்தம்தான் கேட்டிருக்கிறேன்.

ஒரு நாள் இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். "காயப்படுறது பொலிஸ்காரன் இல்லாட்டி என்ன செய்யிறது?"

"முதல்ல எங்கட ஆக்கள்."

"பிறகு?"

"பிறகு வரேக்குள்ள பாப்பம்" என்றார். அது வராது என்று இரண்டு பேரும் நம்பிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கப்பல்துறைக்குப் பக்கத்தில் ஒரு வெட்டைவெளியில் பயிற்சி. கடற்படைக்காரன் விட்டுப்போன கன்வஸ் ஸ்ரெச்சர் ஒன்றை இன்ஸ்பெக்டர் எப்படியோ எடுத்து வந்திருந்தார். அதில் படுத்துக் காட்ட ஒருவனும் சம்மதிக்கவில்லை. உயிரோடு இருக்கிற மனிசன் நாலு பேர் தூக்கப் படுத்துப் போகிறதோ என்றார்கள். ஒருவன், தன் மனைவி பிள்ளைத்தாய்ச்சி என்றும் இந்தச் சாமானைத் தொடவே ஏலாது என்றும் தள்ளி நின்றான். கட்டளை போட்டுப் பார்த்தும் பலிக்கவில்லை. முதலில் மணல் மூட்டையைத் தூக்கினார்கள். மணல் மூட்டைக்குக் கட்டுப் போட முடியாது என்பதால், கடைசியில் நானே ஏறிப் படுத்தேன்.

என்னைக் கால் முன்னால் இருக்கத் தூக்கச் சொன்னேன். என்னிடமிருந்த முதலுதவிக் கையேட்டில் அப்படித்தான் இருந்தது. பின்னால் பிடிக்கிறவனுக்கு நோயாளியின் முகம் தெரிய வேண்டும், மூச்சு இருக்கிறதா, நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே வரலாம். நல்ல காரணம். நாலடி தூரம் போனதும் முன்னால் பிடித்த தமிழ்க் கொன்ஸ்டபிள்கள் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள்.

"கால் முன்னால எண்டா அது பிரேதம், டொக்டர் ஐயா. நாங்கள் அப்பிடித்தான் வீட்டிலயிருந்து எடுக்கிறனாங்கள்."

"அப்ப தலையை முன்னால வைச்சுத் தூக்குங்கோ" என்றார் இன்ஸ்பெக்டர்.

பின்னால் பிடித்திருந்த சார்ஜன்ட் கிண்ணியாக்காரர், முஸ்லிம். நிதானமான மனிதர். தொண்டையைச் செருமினார். "எங்கட ஆக்கள் மையத்தைத் தலை முன்னாலதான் கொண்டு போற, சேர்."

நான் அந்தரத்தில் படுத்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் தூக்கினாலும் யாரோ ஒருவருக்கு நான் பிணம். குறுக்காகத் தூக்கிக்கொண்டு போங்கோ என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் இப்படித்தான் பேசுவேன். இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: கையேட்டில் உள்ளபடி, கால் முன்னே. அவர்கள் அதையே பழகினார்கள், நன்றாகவும் பழகினார்கள்.

அடுத்த வருடம் இலங்கைத்துறைக்கு அங்கால் ஒரு மீன்பிடிக் குடியிருப்பில் டைனமைட் அடிக்கிறார்கள் என்று தகவல் வந்தது. மீன் கூட்டமாய் நிற்கிற இடத்தில் திரியைப் பற்ற வைத்து எறிவார்கள். வெடித்ததும் மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும், அள்ளினால் சரி. திரி கட்டையாக இருந்தால் கை போகும். கை போனவர்கள் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார்கள். வந்தால் பொலிசுக்கு அறிவிக்க வேண்டியது எங்கள் கடமை. வாடிக் குடிசைக்குள் கிடந்து வேப்பிலையும் மஞ்சளும் வைத்துக் கட்டிச் செத்தவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

துறைமுகத்து மோட்டார் லோஞ்ச் ஒன்றில் போனோம். எனக்குக் கடல் ஒத்துவராது, போகிற வழியெல்லாம் சத்தி எடுத்தேன். ஊருக்கு நேரே கடலுக்குள் பாறையாய்க் கற்பார் இருந்ததால் லோஞ்சைத் தள்ளி ஒரு சிறு குடாவுக்குள் நிறுத்திவிட்டு, ஊரைச் சுற்றிக்கொண்டு பற்றை வழியாக நடந்து மற்றப் பக்கக் கரைக்குப் போனோம். திரும்பி வருவதென்றால் ஊர்க் கரையால் வருவதுதான் சுருக்கு வழி. அதை நாங்கள் பெரிதாக யோசிக்கவில்லை.

வெயில் ஏறிய நேரம். கொன்ஸ்டபிள்கள் தாழம் பற்றைக்குள் போய்விட்டார்கள். நான் மணல் திட்டிக்குப் பின்னால் முகம் குப்புறக் கிடந்தேன். விசில் சத்தம், தண்ணீருக்குள் ஓடுகிற சத்தம், யாரோ "நில்லு, நில்லு" என்றது, பிறகு வெடி. நெஞ்சுக்குள்ளே வெடித்ததுபோல இருந்தது. "டொக்டர்" என்று கூப்பிட்டார்கள்.

ஓடினேன். யார் விழுந்தது என்று எங்கள் ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். எல்லோரும் நின்றார்கள். "எங்கட ஆக்களுக்கு ஒண்டுமில்லை" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் முகத்தில் நிம்மதி வந்ததையும் உடனே போனதையும் கண்டேன். இடுப்பளவு தண்ணீரில், பிளந்த வள்ளத்துக்குப் பக்கத்தில், முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் நின்றான். வலது மணிக்கட்டுக்குக் கீழே கை இல்லை. அவன் அதைப் பார்க்கவில்லை. "கண் தெரியுது, ஐயா. கண் தெரியுது" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

நான் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். நான் கேட்கிற கேள்வி அவருக்குத் தெரியும்.

"கட்டுங்கோ" என்றார்.

கரையில் கிடத்தி, முழங்கைக்கு மேலே பட்டியை இறுக்கி இரத்தத்தை நிறுத்தினேன். வயிற்றில் வள்ளத்துப் பலகைச் சிராய் ஏறியிருந்தது. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. கை போனவன் பிழைப்பான், வயிற்றுக்குள்ளே இரத்தம் ஓடினால் நான் கட்டுகிற கட்டு எதற்கும் உதவாது. மத்தியானத்துக்குள் அவன் சத்திரசிகிச்சை மேசையில் கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் சாவான். இதை உரத்தே சொன்னேன். மோர்பின் ஊசி போட்டேன், அவன் சொக்கிப்போனான். வயிற்றுக்கு மேலே வெள்ளைத் துணி. வெடிமருந்து பட்டுக் கண்கள் வீங்கத் தொடங்கியிருந்தன, அதனால் முகத்தில் ஒரு ஈரத் துணி. நாலு பேரும் பழகினபடியே தூக்கினார்கள். கால் முன்னே. பின்னால் பிடித்த சார்ஜன்ட், "மூச்சிருக்கு, டொக்டர். மூச்சிருக்கு" என்று பத்தடிக்கு ஒரு தரம் சொன்னபடி வந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். நாங்கள் யோசித்துச் செய்தது வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

ஊர்க் கரையில் ஒரு பெண் பாயில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். காக்கிச் சட்டைக்காரர் நாலு பேர், வெள்ளைத் துணி, மூடிய முகம், முன்னால் வருகிற இரண்டு கால்கள். கால்களை அவளுக்குத் தெரிந்தது. இருந்த இடத்திலேயே மணலில் விழுந்து ஒப்பாரி சொல்லத் தொடங்கினாள்.

அவனுடைய மனைவி அவள். அவள் குரல் கேட்டு வாடிகளுக்குள்ளிருந்து மற்றப் பெண்கள் வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆண்கள் துடுப்புகளோடு வந்து வழியை மறித்து நின்றார்கள். சற்று முன்னர் கேட்ட சத்தம் அவர்களுக்கு இப்போது துவக்குச் சத்தம் ஆகிவிட்டது.

"சுட்டுப்போட்டு எங்க கொண்டு போறியள்?" என்று ஒரு வயதானவர் கேட்டார். "பிரேதத்தை வைச்சிட்டுப் போங்கோ. எங்கட முறைக்கு நாங்கள் எடுக்கிறம்."

"சாகேல்லை. உயிரிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறம்" என்றேன்.

"உயிரிருக்கிற மனிசனை ஏன் ஐயா கால் முன்னால தூக்கிறியள்?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. கையேடு, பின்னால் பிடிக்கிறவன், முகம், நிறம். அதையெல்லாம் விட்டேன். துணியை இழுத்து முகத்தைக் காட்டினேன். மோர்பினில் கண் மூடிக் கிடந்த முகம் அவர்களுக்கு இன்னும் நல்ல சாட்சி ஆகிவிட்டது. ஒப்பாரி கூடியது. வயிற்றுத் துணியில் சிவப்பு ஊறி வந்தது. எங்கள் இளம் கொன்ஸ்டபிள் ஒருவன் துவக்கைக் கையில் மாற்றிப் பிடித்தான். இன்ஸ்பெக்டர் அவனை ஏசினார், ஆனால் அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இவன் செத்துப்போவான், நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று வாய்த்தர்க்கம் பண்ணிக்கொண்டிருக்க இவன் செத்துப்போவான் என்று எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"திருப்புங்கோடா" என்று கத்தினேன்.

அவர்களுக்கு விளங்கவில்லை. நானே முன் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். மணலில் தடுமாறி, ஒருவரோடொருவர் முட்டி, நாலு பேரும் ஒரு வட்டம் சுற்றி ஸ்ரெச்சரைத் திருப்பினார்கள். தலை முன்னே வந்தது.

ஒப்பாரி ஒரு சொல்லின் நடுவில் நின்றது.

அந்தப் பெண் எழுந்து வந்தாள். அவன் மூக்குக்குக் கிட்டக் காதை வைத்தாள். பிறகு இரண்டு கையாலும் அவன் கன்னத்தைப் பிடித்து உலுக்கினாள். அவன் கண்ணைத் திறக்கவில்லை. "ஏன் கத்துறாய்?" என்றான், நித்திரைக் குரலில்.

நாங்கள் வந்த வேலையெல்லாம் மறந்துபோனது. மறித்து நின்ற ஆண்களே கைப்பிடிகளைப் பறித்துக்கொண்டு குடாவை நோக்கி ஓடினார்கள். எங்களுடைய பழக்கத்தைவிட அவர்களுடைய ஓட்டம் வேகமாக இருந்தது. சார்ஜன்ட் மட்டும் பின்னால் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். தலை முன்னே போவதைப் பார்க்க அவருக்கு மனம் கேட்கவில்லை. என்ன ஓதினார் என்று நான் கேட்கவில்லை. மனைவியை லோஞ்சில் ஏற்றுவது சட்டத்தில் உண்டா இல்லையா என்று இன்ஸ்பெக்டர் ஒரு கணம் யோசித்தார். யோசித்து முடிவதற்குள் அவள் ஏறிவிட்டாள்.

அவன் பிழைத்தான். சிராய் குடலில் படாமல் நின்றிருந்தது. இன்ஸ்பெக்டர் வார்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாங்கள் செய்துபோட்டம்" என்றார். உண்மைதான், செய்துவிட்டோம். இரண்டு நாள் நான் நிலத்தில் நடக்கவில்லை.

மூன்றாம் நாள் வழக்குப் பேச்சு வந்தது. டைனமைட் வைத்திருந்தது ஒரு குற்றம். அதற்கு மேலே, அதைப் பொலிஸ் மேல் எறிய ஓங்கினான் என்று ஒரு கொன்ஸ்டபிள் சொன்னான். இன்னொருவன் வேறு விதமாகச் சொன்னான்: திரி ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது, இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் எங்கள் ஆட்கள், கரையிலும் எங்கள் ஆட்கள், எறிய இடமில்லாமல் வைத்துக்கொண்டு நின்றான் என்று. முதல் கதைப்படி அவன் எங்களைக் கொல்லப் பார்த்தவன். இரண்டாவது கதைப்படி எங்களுக்காகக் கையைக் கொடுத்தவன். இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. நான் மணலில் முகம் புதைத்துக் கிடந்தவன், எதையும் காணவில்லை.

அவனிடமே கேட்டேன். "ஏன் எறியேல்லை?"

"எந்தப் பக்கமெண்டு பாத்தனான், ஐயா. அவ்வளவுதான்."

பார்த்தது ஆளைத் தேடியா, ஆளில்லாத இடத்தைத் தேடியா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. கேட்டிருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

கைதி என்பதால் அவனைக் கட்டில் இரும்போடு விலங்கிட்டிருந்தார்கள். ஒரு கைதானே இருந்தது, அதில் மாட்டியிருந்தார்கள். மனைவி மூன்று வேளையும் சோறு குழைத்துத் தீத்திவிட்டாள். ஒரு மத்தியானம் நான் வார்டால் போகும்போது எழுந்து வந்து மறித்தாள்.

"ஐயா, இனி அவருக்கு இடக்கைதானே. அதால சாப்பிடப் பழகோணும். நான் மறியல்சாலைக்குள்ள வந்து தீத்த ஏலாது. சாப்பிடுற நேரத்துக்கு மட்டும் அதைக் கழட்டச் சொல்லுங்கோ."

காவலுக்கு நின்ற கொன்ஸ்டபிள் தன்னால் ஏலாது என்றான். இன்ஸ்பெக்டருக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்து கட்டில் கால்மாட்டில் நின்றார். விலங்கைப் பார்த்தார், துணி சுற்றிய மற்றக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் மனதில் இரண்டு கொன்ஸ்டபிள்களும் மாறி மாறிச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். கைதியை விலங்கில்லாமல் விட அவருக்கு அதிகாரம் இல்லை. விட்டுப் போகவும் மனம் இல்லை. திறப்பை வாங்கித் தானே குனிந்து விலங்கைக் கழற்றினார். கழற்றியதைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு அதை அவனுடைய கணுக்காலில் மாட்டிக் கட்டில் இரும்போடு பூட்டினார்.

அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் கும்பிட்டாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. வெட்கமா, சந்தோசமா, எனக்கு அழுகை வந்தது.

அவள் சோற்றுக் கோப்பையை அவன் மடியில் வைத்தாள். அவன் இடது கையால் சோற்றைப் பிசைந்தான். விரல்கள் ஒன்றுசேர மறுத்தன. முதல் பிடி வாய்க்குப் போகும் முன்னரே நெஞ்சிலும் கட்டிலிலும் கொட்டியது. உதவப் போன தன் கையை அவள் பாதியில் இழுத்து, இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"மெல்ல" என்றாள். "மெல்லச் சாப்பிடுங்கோ."